கெண்டைக்கால்

ஐம்பதைக் கடந்தபின் மாலைதோறும் என் கணுக்கால்கள் வீங்கின. இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்த மருத்துவர், இறுதியில் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினார். மேலே இரு தலை கொண்ட பருத்த தசை. அதனடியில் தட்டையான சோலியஸ். இரண்டும் ஒரே நாணாகிக் குதிகால் எலும்பைப் பற்றுகின்றன. நடக்கையில் அவை சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து, பாதத்துக் குருதியை இதயம் நோக்கி ஏற்றுகின்றன. சிரைகளின் வால்வுகள் அது மீண்டும் இறங்காமல் தடுக்கின்றன. "நீங்கள் நடப்பதில்லை, ஃபாதர்" என்றார்.

உண்மைதான். மோட்டார் சைக்கிள் வந்தபின் அடுத்த தெருவுக்கும் நான் நடந்ததில்லை.

மறுநாள் நடந்தேன். "வண்டி கெட்டுப்போச்சா சாமி?" என்று திண்ணையிலிருந்து ஒரு மூதாட்டி கேட்டார். அவர் கணவர் படுக்கையில் விழுந்து எட்டு மாதமாம். அந்த வாசலை நாள்தோறும் வண்டியில் கடந்தவன் நான்.

இப்போது வீக்கம் இல்லை. அந்த வாசலில் மட்டும் கால் கனக்கிறது.