செப்புக் குழாயும் சிறு கட்டரும்

செப்புக் குழாய் வெட்டும் கருவியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றபோது நண்பர்கள் நகைத்தனர். நகைக்கட்டும். மூன்று கோடைகளாக என் கல்லூரிக் கட்டணம் அந்தக் கருவியிலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது.

என் தாய்மாமா ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் பழுது பார்ப்பவர். வெளிநாட்டு அன்பர்கள் மிகுதியாக வருவது மார்கழி, தையில். எங்களுக்கு வேலை மிகுவதோ மலையே அனலாகக் காயும் சித்திரையில்.

ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் ஆகாதா என்று அவரை ஒருமுறை கேட்டேன். "அறுக்கலாம் மாப்ளே. உள்ளே விழற தூளை யார் பொறுக்கறது?" என்றார். அத்தூள் வாயுவோடு சுற்றிக் கம்ப்ரசரைத் தேய்த்துவிடும். ஒரு விடுதியில் யாரோ ரம்பம் போட்டுச் செய்த வேலையால் கம்ப்ரசரே போயிற்று. வடித்தெடுத்த எண்ணெயில் செப்புத் துகள் மினுமினுத்தது.

கட்டர் என்பது ஒரு சிறு சக்கரக் கத்தி, எதிரே இரண்டு உருளைகள், ஒரு திருகு, அவ்வளவே. குழாயைச் சுற்றி ஒரு முறை ஓட்டித் திருகைச் சிறிதே இறுக்க வேண்டும். மறுபடி ஓட்ட வேண்டும். அவசரப்பட்டு இறுக்கினால் வட்டக் குழாய் முட்டை வடிவாகும். பிறகு அகட்டிய வாய் நட்டில் சரியாக உட்காராது, கேஸ் ஒழுகும். வெட்டிய வாயில் உள்பக்கமாகப் பிசிறு நிற்கும். குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ரீமரால் சுரண்டினால் பிசிறு வெளியே உதிரும்.

கடையில் மாமா விலையைக் கேட்குமுன் பழைய குழாய்த் துண்டில் கட்டரை ஒரு சுற்று ஓட்டுவார். தொடங்கிய கோட்டிலேயே வந்து சேர்ந்தால் வாங்குவார். திருகாணி மரைபோல் விலகி ஓடினால் திருப்பித் தந்துவிடுவார்.

ஃபிரிட்ஜின் கேபிலரிக் குழாய்க்கு இந்தக் கட்டர் ஆகாது. ஊசித்துளை நசுங்கி அடைபடும். அரத்தின் விளிம்பால் சுற்றிலும் கீறி, விரல்களால் மெல்ல ஆட்டி ஒடிக்க வேண்டும்.

பௌர்ணமியன்று செங்கம் சாலையில் வண்டி போகாது. அது 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் பகுதியல்லவா! உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கட்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடப்போம். பக்தர்கள் சிவநாமம் சொல்ல, நாங்கள் கேஸ் அழுத்தம் பேசுவோம்.

அழுத்தம் இன்று முன்போலில்லை. ஓசோனைக் கெடுப்பதால், 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே ஆர்-22 வாயு படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அதன் இடத்தில் வந்த ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவற்றின் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆர்-32 ஓரளவு தீப்பற்றவும் கூடியது. அன்று எப்படியோ தாங்கிய கோணல் வெட்டு இன்று தாங்காது.

ரமண மகரிஷி கொட்டாங்குச்சியை இழைத்துக் கிண்ணம் செய்வார், கைத்தடிகளை மெருகிடுவார் என்று படித்திருக்கிறேன். மாமா நூல் படிப்பவரல்லர். ஆயினும் வெட்டிய விளிம்பை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவாமல் நட்டைப் போட விடமாட்டார்.

இந்தச் சித்திரையில் அவருக்குக் கண் சற்று மங்கிவிட்டது. பிசிறு பார்க்கும் வேலை இப்போது என்னுடையது; டார்ச் பிடிப்பது அவர்.