நிற்கிற காசு

மதுரையில் கோயிலை ஒட்டிய தெருமுனை. மாலை நான்கு மணிவாக்கில் அந்தப் பூக்கார அம்மா வந்து சாக்கை விரிக்கிறார். முதலில் ஈரத்துணி, அதன் மேல் வாழை இலை, அதற்கும் மேலே கட்டிய மல்லிகைப் பந்துகள். பக்கத்தில் பிச்சி, கனகாம்பரம், ஒரு கொத்து மரிக்கொழுந்து. எல்லாம் அடுக்கி முடித்த பிறகு மடியிலிருந்து மூன்று சுருக்குப்பைகளை எடுக்கிறார். எதிர் டீக்கடைப் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் என் கண் அந்தப் பைகள் மேல்தான் இருக்கும்.

விற்ற காசு முதலில் சிவப்புப் பைக்குள் போகிறது. காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கொடுத்த பணம், ஆட்டோக் கூலி, நாருக்கான செலவு அத்தனையும் அதில் சேர வேண்டும். அதுவரை யார் கேட்டாலும் கை அசையாது. பேரன் வந்து ஐஸுக்கு நச்சரிக்கிறான். "இரு சாமி, இன்னும் அசல் வரல." அசல் வந்த பிறகு நீலப் பை திறக்கும், அது கடன் தவணைக்கு. அன்றைய பங்கு அதில் விழுந்த பிறகு வருவதுதான் மூன்றாவது பைக்கு, அதாவது வீட்டுக்கு. பல நாள் அந்தப் பை திறக்க இரவு ஏழு மணியாகிவிடும்.

முன்பக்கம் க்யூஆர் அட்டை ஒன்றும் சாய்த்து வைத்திருக்கிறார். அதோடு இருக்கும் ஒலிப்பெட்டி 'ஐம்பது ரூபாய் பெறப்பட்டது' என்று சொன்னதும் பள்ளிக்கூட நோட்டில் ஒரு கோடு போடுகிறார். செல்போனுக்குள் போன பணம் பையில் கனக்காது, கணக்கில் விட்டுப்போகும் என்பதால் இந்தக் கோடு.

பூ மார்க்கெட்டிலும் அவரைப் பார்த்திருக்கிறேன். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் நிலையாக நின்றாலும் விலை நிற்பதில்லை. கோடையில் கிலோ சில நூறுக்குக் கிடைப்பது, பனிக்காலத்தில் வரத்து குறைந்து ஆயிரங்களுக்கு ஏறிவிடும். நான் பார்த்த ஒரு நாள், மறுநாள் முகூர்த்தம். கமிஷன் கடைக்காரர், "அஞ்சு கிலோ எடுத்துக்கத்தா, காசு அப்புறம் குடு" என்றார். அம்மா மொக்கை அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தார். முந்தின இரவு மழை. நனைந்த பூ தராசில் கூடுதலாகக் காட்டும், கட்டும்போது முழம் குறையும். "கல்யாண வீட்டுக்காரங்க இங்கயே வந்து மொத்தமா வாங்கிருவாங்கண்ணே. என்கிட்ட வர்றது வழக்கமா வர்ற பொம்பளைங்கதான். வெலை ஏறுனா ஒரு மொழம் கேக்குறவ அர மொழம் கேப்பா." இரண்டு கிலோ மல்லி எடுத்துக்கொண்டு, மிச்சக் காசுக்குக் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வாங்கினார். கடன் சொல்லி ஐந்து கிலோ தூக்கிப் போனவர்களில் இரண்டு பேர், அன்றிரவு ஒன்பது மணிக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்கிறவர்கள் 'அந்தம்மா கைராசிக்காரி' என்கிறார்கள். ராசி வந்த வழியை அவரே பக்கத்துக் கடைப் பெண்ணிடம் சொல்லக் கேட்டேன். முன்பெல்லாம் தண்டல் கடன்தான். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவார்கள். நூறு நாள், நாளுக்கு நூறு கட்ட வேண்டும். கேட்பதற்கு 15 சதவீதம் போலத் தோன்றும். ஆனால் வாங்கிய மறுநாளே பணம் திரும்பத் தொடங்குவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அதிக வட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வந்தும் என்ன? அவசரத்துக்குக் கைமுதல் இல்லாதவர்களிடம் தண்டல் நின்றபாடில்லை.

2020-இல் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டம் வந்தது. அப்போது முதல் கடன் 10,000 ரூபாய், ஓராண்டுத் தவணை. அதை வாங்கி இவர் பூ வாங்கவில்லை, தண்டலை அடைத்தார். மாதத் தவணை ஆயிரத்துக்கும் கீழே. நாளுக்கு முப்பது ரூபாய் போல. ஆனாலும் பழைய நூறு ரூபாயை அவர் நிறுத்தவே இல்லை. முப்பது வங்கிக்கு, எழுபது தபால் நிலையக் கணக்குக்கு. "அவனுக்கு நூறு நாள் கட்டத் தெரிஞ்ச எனக்கு, எனக்கே கட்டத் தெரியாதா?" என்றார். மாதம் இரண்டாயிரம் சேர்ந்தது. கடன் முடிந்ததும் 20,000 தருவதாகச் சொன்னார்கள். அப்போது வேண்டாம் என்றுவிட்டார். பூவை வாங்கி அடுக்கி வைக்க முடியாது. இன்று போட்ட முதல் இன்றே திரும்ப வேண்டிய தொழில். தேவைக்கு மேல் வருகிற பணம் பூவாகாது, வீட்டுச் செலவாகத்தான் கரையும். இதை யோசித்துச் சொன்ன நிதி ஆலோசகர் யாரும் அவருக்கு இல்லை.

பக்கத்தில் ஜூஸ் கடை போட்ட இளைஞர் ஒருவர் இருக்கிறார். கடையில் எப்போதும் கூட்டம். ஒரு நாள் முகம் வாடி அம்மா அருகே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு நாளைக்கு நாலாயிரத்துக்கு ஓடுது. கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

"பழத்துக்கு எவ்வளவு தம்பி?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

இளைஞர் பேசவில்லை. பூக்கட்டும் விரல் நிற்காமலே அம்மா கேட்டுக்கொண்டு போனார். வாடகை பன்னிரண்டாயிரம், நாளுக்கு நானூறு. வேலையாள் கூலி அறுநூறு. ஐஸ், சர்க்கரை, கப்பு, கரண்டு சேர்த்து இன்னொரு அறுநூறு.

"மிச்சம் நானூறு. உனக்குச் சம்பளம் போட்டியா?"

"என் கடைதானக்கா?"

"அப்ப நீ சும்மா வேலை பாக்குற. உன் எடத்துல வேற ஆளு சும்மா நிப்பானா? ஃப்ரீசர் தவணை வேற சொன்னியே, அது எதுலருந்து போகுது?"

பழ மண்டிக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து போகிறது என்பது இளைஞருக்கு அப்போதுதான் உறைத்தது. கடை நன்றாக ஓடுகிறது என்று அவர் நம்பியது மண்டிக்காரரின் பணத்தை வைத்து. இப்படி முதலையே தின்றுவிட்டு, காரணம் தெரியாமல் கடையைப் பூட்டிய எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. உழைப்பில் குறை இல்லாத பிள்ளைகள். விற்ற காசு வேறு, நிற்கிற காசு வேறு என்று தொடங்கிய வாரத்திலேயே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள். தொழில் தொடங்குகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பச் சொல்லித் தருகிறோம். அன்றாடக் கணக்கு எழுதவும் அதே அக்கறையோடு சொல்லித் தர வேண்டும். வியாபார மூளை என்று நாம் வியப்பது, விலையையும் வானத்தையும் வாங்குகிறவர் முகத்தையும் விடாமல் கணக்கில் வைத்துப் பழகியதால் வருவது. பழகினால் யாருக்கும் வரும்.

இளைஞர் பையில் முத்ரா கடன் விண்ணப்பம் ஒன்று இருந்தது. 'சிசு' பிரிவில் ஐம்பதாயிரம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் இரண்டாவது கடை போட. எடுத்துக் காட்டினார். அம்மா அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. "இந்தக் கடையில நெசமா என்ன நிக்குதுன்னு மூணு மாசம் எழுதிப் பாரு. நின்னா வாங்கு" என்றார்.

விண்ணப்பம் வங்கிக்குப் போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஜூஸ் கடையில் பழம் வந்து இறங்கியதும் மண்டிச் சீட்டைப் பார்த்து எழுதுகிறார். இரவு கடை எடுத்து வைக்கும்போது, தன் சம்பளம் என்று ஒரு தொகையைத் தனியாகக் கழிக்கிறார்.