பெருமான் இளைப்பாறிய வழி

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் திருப்பதியை அடுத்த ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 100 கிலோமீட்டர்தான். சிறிய விமானம் மேலெழுந்து தரையிறங்க அரை மணி நேரம் போதும். மூட்டு வலியால் திருமலை யாத்திரையையே கைவிட்ட பெற்றோரை எப்படியாவது அழைத்துச் செல்ல விரும்பும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தரும்.

ஆனால் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதியிலும் வசிப்போருக்கு இக்கணக்கு பொருந்துவதில்லை. திருமலை வடமேற்கில் இருக்க, அவர்கள் விமானம் ஏறுவதற்காகத் தெற்கு நோக்கி வர வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திருவள்ளூரிலிருந்து ஏறத்தாழ 45. புறப்பாட்டுக்கு வெகு முன்னதாகவே சென்று, சோதனைகளை முடித்துக் காத்திருக்க வேண்டும். இறங்கிய பின் திருப்பதி நகருக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அதன் பிறகே மலைப்பாதை. அரை மணிப் பயணம் அரை நாளை விழுங்கிவிடும். வெளியூர்களிலிருந்து வருவோருக்கே ரேணிகுண்டா நிலையம் பெரும் உதவி.

வானில் நேர்கோடு இட்டால் அது திருவள்ளூருக்குச் சற்றுக் கிழக்கே சென்று, நாகலாபுரத்தை ஒட்டிக் கடக்கும். அக்கோட்டின் அருகிலேயே, தரையில் அமைந்துள்ளது திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலை. முதியோருக்கு ஏற்ற வழி இதுவே.

திருவள்ளூரில் சயனத் திருக்கோலத்தில் சேவை சாதிக்கிறார் வைத்திய வீரராகவப் பெருமாள். சாலிஹோத்திர முனிவரின் குடிலுக்குப் பெருமான் முதியவர் வடிவில் வந்து, அவர் அளித்த அமுதை உண்டு, களைப்பு நீங்கப் படுப்பதற்கு எவ்வுள் என வினவினார் என்கிறது தலவரலாறு. அதனால் இத்தலம் திருஎவ்வுள் ஆயிற்று. ஹிருத்தாபநாசினி தீர்த்தத்தில் வெல்லம் கரைத்துப் பிணி நீங்க வேண்டுவது இங்கு மரபு. அமாவாசையன்று கூட்டம் மிகும். நடக்க இயலாதோர் வேறு நாளைத் தேர்ந்துகொள்வது நலம்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி. ஆலகால விடமுண்ட ஈசன், அம்பிகையின் மடியில் தலைசாய்த்துப் பள்ளிகொண்டீசுவரராக எழுந்தருளியுள்ளார். சிவபெருமானைச் சயனக் கோலத்தில் காண்பது அரிது. அடுத்து நாகலாபுரத்தில், மச்ச அவதாரத் திருமேனியுடன் வேதநாராயணப் பெருமாள் அருள்பாலிக்கிறார்.

கும்மிடிப்பூண்டிப் பகுதி அன்பர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. சொந்த வீடு வேண்டுவோர் நாடும் சிறுவாபுரி முருகனை முதலில் வணங்கி, தடா வழியாகக் காளத்தியை அடைந்து, வாயுலிங்கத்தைத் தரிசித்து, ரேணிகுண்டா செல்லலாம்.

விடியலில் கிளம்பி, நண்பகலில் நடை சாத்தும் முன் இரண்டு தலங்களைச் சேவித்து, உண்டு ஓய்வெடுத்து, மாலையில் திருப்பதி சேர்ந்து, அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் மலையேறுவது உடலுக்கு இதம். பிரம்மோற்சவத்தையொட்டிச் சென்னை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் திருக்குடைகளும் திருவள்ளூர் வழியே, ஆங்காங்கே தங்கித் தங்கியே திருமலையை அடைகின்றன.

முதுமையில் வழியில் அமர்ந்து எழுவதைக் குறையென எண்ணிச் சிலர் யாத்திரையையே தவிர்க்கின்றனர். முதியவராய் வந்து படுக்க இடம் கேட்ட பெருமானும், அம்பிகை மடியில் தலைசாய்த்த ஈசனும் வீற்றிருக்கும் இவ்வழியில், இளைப்பாறுதலும் வழிபாடே ஆகும்.