தொட்ட காய்

சதுரங்கத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் தம் முறையில் எந்தக் காயைத் தொடுகிறாரோ, அதையே நகர்த்தியாக வேண்டும். பிசகி நிற்கும் காயை நேராக்க மட்டுமே விரும்பினால், தொடுவதற்கு முன்னரே ‘ஜாதூப்’ எனல் வேண்டும். ‘சரிசெய்கிறேன்’ என்பது பொருள். பிரெஞ்சுச் சொல்லாயினும் உலகப் போட்டிகளெங்கும் வழங்குவது அது.

எங்கள் மகனுக்கு அச்சொல்லைக் கற்பித்தவர் அவனுடைய தாத்தா. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து புதுச்சேரி திரும்பிய ‘சொல்தா’. தமிழர் மந்திரி என்னும் காயை ஆங்கிலேயர் ஆயர் என்பர். பிரெஞ்சுக்காரரோ ‘ஃபூ’, அதாவது கோமாளி என்பர். “பெயரில் என்ன இருக்கிறது? நிற்கும் இடத்தில்தான் மதிப்பு” என்று சொல்லித் தாத்தா சிரிப்பார்.

2024ஆம் ஆண்டு மாணவர் போட்டி ஒன்றில் எங்கள் மகன் வெல்லும் நிலையில் இருந்தான். அவசரத்தில் தவறான குதிரையைத் தொட்டான்; அதையே நகர்த்தித் தோற்றான். திரும்பும் பேருந்தில் நாங்கள் அவனைத் தேற்றவில்லை. “இத்தனை நாள் பாடுபட்டது இதற்குத்தானா?” என்று கேட்டோம். மறுநாள் பலகை பரண் ஏறியது.

அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். சீனாவின் திங் லிரெனும் சென்னையின் குகேஷும் அதுவரை தலா ஆறரைப் புள்ளிகள். நாங்களும் தொலைக்காட்சியின்முன் அமர்ந்திருந்தோம். சமனாக முடியவேண்டிய ஆட்டம். 55ஆவது நகர்த்தலில் திங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மூலையில் நின்ற அவருடைய மந்திரிக்கும் தப்ப வழியில்லை. எஞ்சிய சிப்பாய்கள் குகேஷுக்கு வெற்றி தந்தன. 1985இல் 22 வயதில் வாகைசூடிய காஸ்பரோவின் சாதனையை 18 வயதுச் சென்னைப் பிள்ளை கடந்தார். அழுதபடியே காய்களை ஒவ்வொன்றாக உரிய கட்டங்களில் அடுக்கினார்.

நாங்கள் மகிழ்ந்திருந்தோம். மகனோ தோற்றவரையே நினைத்திருந்தான்.

“அப்பா, இவரை வீட்டில் திட்டுவார்களா?”

எங்களுக்கு நா எழவில்லை. வென்ற குகேஷும் தவறியவர்தாம். 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றவர், பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் கைக்கு வந்த வெற்றியைத் தவறவிட்டார். அப்போது அவருக்கு வயது 16. நாங்கள் பேருந்தில் கேட்ட கேள்வியை அன்று அவரிடம் எவரேனும் கேட்டிருந்தால்?

காயைத் தொட்டபின் ‘ஜாதூப்’ என்பதற்குப் பலகையில் பயனில்லை. வீட்டிலோ, காலம் தாழ்த்திச் சொன்னாலும் அச்சொல் செல்லும். சொல்லத்தான் பெற்றோருக்கு மனம் வருவதில்லை.

அன்றிரவு பரணிலிருந்து பலகையை இறக்கினோம். மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் ஒன்றும் சொல்லாமல் காய்களை அடுக்கினான். கோணி நின்ற ஒரு குதிரையை நேராக்குமுன் எங்களை நிமிர்ந்து பார்த்தான்.

“ஜாதூப்” என்றான்.