பெரியண்ணனுக்கும் சின்னண்ணனுக்கும் நன்றி மடல்

அன்புள்ள பெரியண்ணன் சவரிராயன் ஜேசுதாசன் அவர்களுக்கும் சின்னண்ணன் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் அவர்களுக்கும், ஒரகடத்திலிருந்து ஸ்தோத்திரம்.

நீங்கள் இருவரும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியது 1921-இல். இருவரும் மருத்துவர்கள், இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தி, மரக்கறி உண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தீர்கள். வெள்ளைக்கார மிஷனரி மேலே, இந்திய ஊழியர் கீழே என்றிருந்த காலம் அது. உங்கள் ஆசிரமத்திலோ தமிழர் பெரியண்ணன், ஸ்காட்லாந்துக்காரர் சின்னண்ணன். இதைவிடத் தெளிவான சுவிசேஷப் பிரசங்கம் எனக்குத் தெரியவில்லை.

கோயில் கோபுரத்தின் சாயலில் ஜெபாலயம் எழுப்பினீர்கள். அங்கே அமைதியில் அமர்ந்து எழுந்தவர்களின் கையிலிருந்துதான் நோயாளிக்கு மருந்து கிடைத்தது. அந்த ஜெபம் உங்களை ஊரைவிட்டு ஒதுக்கவுமில்லை. 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்தபோது, சின்னண்ணா, போலீஸ் தடி உங்கள் மேலும் விழுந்தது. லண்டன் நாடாளுமன்றம் வரை அந்தப் பேச்சு போனது.

நாங்கள் ஊழியம் செய்யும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று கார், செல்போன், டயர் எல்லாம் தயாராகின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே அறையில் நெருக்கியடித்துத் தங்கி, ஷிப்ட் மாற்றி உறங்குகிறார்கள். நம் தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்து கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் டார்கெட் உண்டு. ஊழியத்துக்கும் டார்கெட் வைத்துவிட்டால், எதிரே நிற்கும் பிள்ளை ஓர் எண்ணிக்கை ஆகிவிடும். நைட் ஷிப்ட் முடிந்து கண் சொருக வருகிறவனிடம் கைப்பிரதியை நீட்டி என்ன பயன்? அவன் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, கான்ட்ராக்ட் முடிந்தால் எங்கே போவான் என்று கேட்க நமக்குப் பொறுமை வேண்டும். கர்த்தருடைய சமுகத்தில் பேசாமல் காத்திருந்து பழகியவருக்குத்தான் அந்தப் பொறுமை வருகிறது. இதை எங்கள் ஜெபக்குழு உங்கள் வாழ்க்கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இப்போது முதலில் மௌனமாக அமர்கிறோம்; அதன்பிறகே அறைகளுக்குப் போகிறோம். இயேசுவைப் பற்றி அவர்களே கேட்கும் நாள் வருகிறது. அன்று தயங்காமல் சொல்கிறோம். இதற்காக உங்கள் இருவருக்கும் எங்கள் நன்றி.

இந்தத் தொழிற்பேட்டையில் ஊழியம் செய்யும் தம்பி தங்கைகளே, பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடி வரை போய், அங்கே பிரியும் சாலையில் சென்றால் திருப்பத்தூர். ஒரு லீவு நாளில் அந்த ஜெபாலயத்தில் சற்று அமர்ந்துவிட்டு வாருங்கள்.