வல்லநாட்டில் வெளிமான் கண்டோம்

மதுரை நகரில் வளர்ந்த எங்களுக்கு மான் என்றாலே படப் புத்தகத்துப் புள்ளிமான்தான் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்கச் சமவெளிகளில் வண்டியில் சென்று அரிய மான்களைக் காண்போரைத் திரையில் பார்த்துப் பெருமூச்சு விட்டதும் உண்டு. “அவற்றின் உறவினர் நம் தென்பாண்டிச் சீமையிலேயே இருக்கிறார். பார்க்கிறீர்களா?” என்று உயிரியல் கற்பிக்கும் சிஸ்டர் கேட்டதும் வகுப்பே ஆரவாரித்தது.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சனிக்கிழமை, விடியுமுன் புளிசாதப் பொட்டலங்களுடன் புறப்பட்டோம். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி எல்லாம் உறக்கத்திலேயே கடந்தன. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. நெல்லையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் திரும்பியதும் சிஸ்டர் பாடத்தைத் தொடங்கினார்.

புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானின் கொம்போ விழுவதே இல்லை. ஆட்டுக் கொம்பைப் போல நிலைத்திருக்கும். முறுக்கிய திருகாக இரண்டடி வரையிலும் வளரும். வளர்ந்த ஆண் மான் கருமை. வயிறு மட்டும் வெண்மை. பெண் மான் இளம் பழுப்பு. திறந்த வெளியில் வாழ்வதால் வெளிமான். ஒருகாலத்தில் இதை விரட்டி வேட்டையாடிய சிவிங்கிப்புலி நம் நாட்டில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022இல்தான் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகளை மத்தியப் பிரதேசத்துக் குனோவிற்குக் கொண்டுவந்தார்கள். வெளிமான்கள் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் வல்லநாடு. ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் குன்றும் முட்புதர்க் காடும் 1987இல் சரணாலயமாயின.

வனத்துறையின் அனுமதி பெற்று, வனக்காப்பாளர் ஒருவர் வழிகாட்ட, வண்டி மெல்ல ஊர்ந்தது. ஒரு மணி நேரம் மயில்களைத் தவிர ஒன்றையும் காணோம். எங்களுக்குள் சலிப்பு தொடங்கியது. அப்போது, வழியெல்லாம் பேசாமல் வந்த தோழி ஒருத்தி, “அந்தா பாருங்க, ஓடைக்கு அந்தப் பக்கம்” என்று மெதுவாகச் சொன்னாள்.

ஐந்து பெண் மான்கள். அவற்றின் நடுவே கரிய ஆண் மான் ஒன்று! கொம்புகளைப் பின்னே சாய்த்து, தலை நிமிர்த்தி நின்ற அதன் மிடுக்கை என்னவென்று சொல்வோம்! எங்களில் யாரோ மகிழ்ச்சி தாளாமல் கூவிவிட்டோம். மறுகணம் ஆறும் வில்லிலிருந்து விட்ட அம்புகளாய்த் துள்ளி மறைந்தன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவை என்று சிஸ்டர் சொன்னதைக் கண்ணாரக் கண்டோம்.

“உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?” என்று தோழியைக் கேட்டோம். அவளுடைய தாத்தாவின் ஊர் அந்தப் பக்கந்தானாம். “எங்க உளுந்தைத் தின்ன வர்றது இதுகதான். போன வருசம் பாதிக் காடு போச்சு. தாத்தா ராத்திரியெல்லாம் தகரத்தைத் தட்டிக்கிட்டு முழிச்சிருப்பாங்க” என்றாள்.

எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. “அப்படியானால் மானைக் கண்டால் அவருக்குக் கோபம் வராதா?” என்றோம்.

“வையத்தான் செய்வாங்க. ஆனா கண்ணி மட்டும் வைக்க விடமாட்டாங்க. ‘அது மேயுற வெளியெல்லாம் முள்ளு மூடிருச்சு. அது எங்கதான் போகும்?’னு கேப்பாங்க.”

வண்டியின் இருபுறமும் பார்த்தோம். வரும்போது பசுமை என்று நாங்கள் மகிழ்ந்ததெல்லாம் சீமைக் கருவேலம்! அது அடர்ந்தால் புல் குறையும். ஓடிப் பிழைக்கும் விலங்குக்கு ஓட இடமும் குறையும். பசித்த மான் விளைநிலத்தை நாடுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை வேட்டையாடத் தடை விதிக்கிறது. அது நல்ல சட்டமே. ஆனால் உளுந்தை இழந்தவருக்கு யார் ஈடு செய்வது? எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. சிஸ்டரும் உடனே பதில் கூறவில்லை. “படித்துப் பெரியவர்களாகி நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய விடை இது” என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் தோழியின் தாத்தாவுக்கு நாங்கள் அனைவரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் எழுதினோம். ஜன்னலோரம் அமர்ந்து மானை விரும்புவது எங்களுக்கு எளிது. இழப்பைத் தாங்கிக்கொண்டு அதை வாழவிடுகிறவர் அவரல்லவா! அந்தக் கரிய மானை நாங்கள் கண்டதற்கான நன்றி அவருக்கே உரியது.