இரண்டு தவறணைகள்

ரொறொன்ரோவின் மேற்கே, டண்டாஸ் வீதியும் இஸ்லிங்டன் அவெனியூவும் சந்திக்கும் இடத்தருகே பழைய கற்கட்டடம் ஒன்று நிற்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த தோமஸ் மொன்ற்கொமெறி 1830 அளவில் கட்டிய சத்திரம் அது. ஊரில் தவறணை என்றால் எங்களுக்குக் கள்ளுக் கொட்டில்தான் நினைவுக்கு வரும். இது தவறணையும் வழிப்போக்கர் மடமும் சேர்ந்தது. இங்கிலாந்துக் கிராமத்து மதுச்சாலையைக் குடியேறிகள் கடல் கடந்து சுமந்து வந்திருக்கிறார்கள்.

நடுவிலே வாசல், இருபுறமும் ஒரே கணக்கில் யன்னல்கள். ஜோர்ஜிய பாணி என்பார்கள். 1838இல் கட்டடத்தைப் பெருப்பித்தார்கள். 1850களின் நடுவில் சத்திரம் மூடப்பட்டுப் பண்ணைவீடாயிற்று. 1960களில் இடிபட இருந்ததை ஊர்மக்கள் காப்பாற்றினார்கள். 1975 முதல் நூதனசாலை. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன் என்பதால் என் கண் முதலில் குசினிக்குத்தான் போயிற்று. திறந்த அடுப்பைப் பார்த்ததும், அங்கே யார் புகை குடித்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

அதே காலத்தில் இன்னொரு மொன்ற்கொமெறியும் தவறணை வைத்திருந்தார். பெயர் ஜோன். எக்ளின்ரனுக்குச் சற்று வடக்கே, யங் வீதியில். 1837 டிசெம்பரில் வில்லியம் லையன் மக்கென்சியின் கிளர்ச்சியாளர்கள் அங்கேதான் திரண்டார்கள். டிசெம்பர் 7ஆம் திகதி அரச படை அவர்களைச் சிதறடித்துத் தவறணைக்குத் தீ வைத்தது. ஜோனுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு நாடுகடத்தலாக மாற்றினார்கள். அவரோ கிங்ஸ்ரன் கோட்டைச் சிறையிலிருந்து தப்பி அமெரிக்காவுக்கு ஓடினார். 1843இல் மன்னிப்புக் கிடைத்துத் திரும்பி வந்தார். தவறணை நின்ற இடத்தில் 1936இல் ஒரு தபாற் கந்தோர் எழுந்தது. இப்போது அதன் முகப்பை வைத்துக்கொண்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பக்கத்து வீதிக்கு மொன்ற்கொமெறி என்று பெயர்.

தோமஸின் குசினி எந்தப் பக்கம் என்று இன்றைக்கு ஒரு குழந்தையும் சொல்லும். ஜோனின் குசினிக்குள் இனி யாரும் நுழைய முடியாது.

2009க்குப் பிறகு, வன்னியில் எங்கள் வீடிருந்த வளவில் கிணறு மட்டுமே மிஞ்சியது. பல்கலைக்கழகத்தில் படித்தது பாதிதான் என்றாலும், ஒரு கட்டடத்தைக் கடதாசியில் கீறி வைக்க அது போதும். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வீட்டைக் கீறிக்கொண்டிருக்கிறேன். விறாந்தை எத்தனை முழம், குசினிக் கதவு எந்தத் திசை என்று கேட்டால், அம்மா சில வேளை சொல்கிறா, சில வேளை மௌனமாகிவிடுகிறா.

உங்கள் வீடுகளையும் கீறி வையுங்கள். கேட்பதற்கு ஆட்கள் இருக்கும்போதே கேளுங்கள்.